கண்ணாடிக் கதவில் பன்னிரண்டு விநாடி

தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று தொழிற்சாலையில் பெயர். அப்படிப்பட்டவள், அக்கா அனுப்பிய வீடியோவை முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டு, ‘கண்ணு பட்டுடும்’ என்று பதில் எழுதிவிட்டு மறந்துபோனாள்.

வீடியோவில் அக்காவின் ஏழு வயது மகள் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். போனை எதிர் அலமாரியில் சாய்த்து வைத்து அக்காதான் எடுத்திருந்தாள். மொத்தம் மூன்று நிமிடம். குழந்தைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் அந்தக் கதவின் வழியே பின்னாலிருந்த சமையலறையில் நடப்பது தெரிந்தது. அக்கா புருஷன் அக்காவின் முடியைப் பிடித்து, தலையைச் சுவரில் இரண்டு தடவை மோதினான். பன்னிரண்டு விநாடி. பாட்டுச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் இதைக் கண்டுபிடித்தது ஐந்து மாதம் கழித்து. அதற்குள் அக்கா மாடிப்படியில் விழுந்து செத்துப்போயிருந்தாள். மயக்கம் வந்து விழுந்துட்டா என்றான் புருஷன். ஊர் நம்பியது, போலீசும் நம்பியது. குழந்தை அப்பாவிடம் இருப்பதா, சித்தியான இவளிடம் இருப்பதா என்பது மட்டும்தான் பாக்கி. அதைக் குழந்தை நல அலுவலகம் வெள்ளிக்கிழமை காலை முடிவு செய்யும். வீடியோ காட்ட வேண்டும் என்று அவள் கேட்டதும் ஒரு தாளை நீட்டினார்கள். டிஸ்க்கில் மட்டுமே கொண்டுவர வேண்டும். அலுவலக பிளேயரில் ஓட வேண்டும். வெட்டாத, ஒட்டாத முழுப் பதிவாக இருக்க வேண்டும். போன், பென் டிரைவ் அனுமதி இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினாள்.

“டிஸ்க்கை எங்கண்ணே போடுறது? ஓட்டையே இல்லையே.”

“இப்ப வர்ற லேப்டாப்புக்கு வாய் கிடையாதும்மா. பேசத் தெரியும், சாப்பிடத் தெரியாது.” கடைக்காரர் பரண் மேலிருந்து டிஸ்க் எழுதும் ரைட்டர் ஒன்றை இறக்கி, தூசியை ஊதி, ஒயரைச் செருகினார். “இந்தக் காலத்துல டிஸ்க் கேக்குறாங்களா? அவங்களையே மியூசியத்துல வைக்கணும்.”

அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

“ஃபைலா அப்படியே எழுதினா பழைய பிளேயர் படிக்காது. டிவிடி படமா மாத்தி எழுதணும். ஆனா மாத்தினா கொஞ்சம் மங்கும்.”

“ஒரு மூலைய மட்டும் பெருசாக்கி எழுத முடியுமா?”

“முடியும். ஆனா அது வெட்டின படம். தாள்ல என்ன போட்டிருக்கு?”

அவள் தாளை மடித்து வைத்தாள். “முழுசாவே எழுதுங்க.”

அரை மணி நேரம் ஆனது. எழுதி முடிந்ததும் ரைட்டர் டிஸ்க்கைத் துப்பியது. அவள் அதைத் திரும்ப உள்ளே தள்ளி, லேப்டாப்பில் சின்னக் கட்டத்துக்குள் ஓடவிட்டாள். இரண்டாவது நிமிடம் வந்தது. கை தெரிந்தது. முடி தெரிந்தது. சுவர் தெரிந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் ஒருநாளும் தேறியதாக அனுப்பாதவள், அன்று படத்தைத் திரை முழுக்க விரித்துப் பார்க்காமலே தேறியதாக எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி டிஸ்க்கைப் போட்டார். சுவரில் இருந்த டிவி பெரியது. குழந்தை ஆடினாள். பின்னால் கண்ணாடிக் கதவில் ஒரு பழுப்புக் கறை அசைந்தது.

“இதுல எதம்மா பாக்கணும்?”

“அந்தக் கதவுல, மேடம். முடியப் புடிக்கிறான் பாருங்க.”

அதிகாரி எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். அக்கறையோடுதான் பார்த்தார். “யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. துணி தொங்குற மாதிரியும் இருக்கு. நான் எதன்னு எழுதுறது?”

“லேப்டாப்புல தெளிவா இருக்கு மேடம். கொண்டாரட்டுமா?”

“உங்களுக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா? நாளைக்கு அவரும் ஒரு லேப்டாப்போட வந்து நிப்பாரு.”

மூன்றாவது தடவை ஓடியபோதுதான் அவள் கண்ணில் அது பட்டிருந்தது. கறை அசையும் நேரத்தில் குழந்தையின் கால் ஒரு தாளம் தப்பியது. தோள் சுருங்கியது. பிறகு போனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டு, முன்னைவிட வேகமாக ஆடினாள். எத்தனையோ தடவை பார்த்தும் அவள் பார்த்ததெல்லாம் கதவைத்தான்.

“பாப்பாவக் கேளுங்க மேடம்” என்றாள்.

வெளியே பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது. அவன் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லா ஆடுறியேம்மா. நீ ஆடும்போது அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

“பாத்திரத்தக் கீழ போட்டுட்டாங்க.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

“அப்பா?”

“அப்பா எடுத்துக் குடுத்தாங்க.”

அதிகாரி இரண்டு வரி எழுதி, குழந்தை தந்தையுடனே இருக்கலாம் என்று படித்துக்காட்டிக் கையெழுத்துப் போட்டார். டிஸ்க்கை உறையில் போட்டுக் கோப்போடு தைத்தார்.

அவள் குனிந்து குழந்தையைக் கட்டிக்கொண்டாள். குழந்தை அவள் காதில் சொன்னாள்: “நான் திரும்பியே பாக்கல சித்தி. பாத்தா அடுத்தது நான்னு அப்பா சொல்லியிருக்காங்க.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “மேடம், இப்ப என்ன சொன்னா கேட்டீங்களா? திரும்பிப் பாக்கலன்னு சொல்றா. பாத்தா…”

“பாப்பா, அப்படியாம்மா?”

வாசலில் அவன் எழுந்து நின்றான். குழந்தை சித்தியின் கையை விட்டுவிட்டு, “நான் எதையும் பாக்கல” என்றாள், கணீரென்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல.

“பாக்கலைன்னுதானேம்மா சொல்றா” என்றார் அதிகாரி.