விட்டுப்போன வரி

தேர்வு முடியப் பத்து நிமிடம் இருந்தது. ஆய்வகத்தின் கடைசி வரிசையில் ஒரு கணினி மட்டும் ஒரே எண்ணைத் திரை நிறைய அச்சடித்துக்கொண்டே போனது. அதன் முன் இருந்தவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

லேப் சார் அவள் பின்னால் போய் நின்றார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. நிரலில், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைக் கூட்டி அதை நிற்க வைக்கும் வரி இல்லை.

வகுப்பில் அந்த வரியை வேண்டுமென்றே விடுவது அவருடைய பதினோரு வருட வழக்கம். யாராவது, "சார், நிக்கவே மாட்டேங்குது!" என்று கத்துவார்கள். "அப்பாடா, ஒருத்தராவது முழிச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சேர்ப்பார். இந்த வருடம் பாடம் வீட்டில் வீடியோவாக, பயிற்சி மட்டும் மாதத்துக்கு இரண்டு நாள் ஆய்வகத்தில் என்று ஆனது. காலி அறையில் கேமராவைப் பார்த்துப் பேசினார். வரியை விட்டார். கத்த ஆளில்லை. அப்படியே அடுத்ததற்குப் போய்விட்டார்.

வீட்டில் கணினி இருந்தவர்கள் நிரலை ஓட்டிப் பார்த்துத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். இவள் துணிக்கடையில் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்து, நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்தவள்.

துறைத்தலைவர் உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மூடாத குழாய் மாதிரி கொட்டிக்கிட்டே இருக்கு? இப்படியா சொல்லிக் குடுத்தாங்க?"

"வீடியோல இப்படித்தான் சார் இருந்துச்சு..."

துறைத்தலைவர் லேப் சாரைப் பார்த்தார். வீடியோ வந்த பிறகு மூன்று பயிற்றுநர்களில் இருவரை நிறுத்திவிட்டார்கள். இவருடைய ஒப்பந்தத் தாள் நான்கு நாளாகத் துறைத்தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"முழுசாப் பார்த்திருக்க மாட்டா சார்," என்றார் லேப் சார். குரல் பிசிறில்லாமல் வந்தது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இருக்கும் சார். கடையில நடுநடுவுல கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. எதையாவது விட்டிருப்பேன்."

அன்று மாலையே அவர் அந்த வீடியோவைத் திருத்தி, பழையதை எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மறுதேர்வுப் படிவத்துடன் வந்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி சார். மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த வரி இருக்கு. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

அவர் தலை நிமிரவில்லை. தவறியதற்கான காரணம் என்ற கட்டத்தில், 'என் கவனக்குறைவு' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். கீழே பயிற்றுநர் ஒப்புதலுக்கு இடம் இருந்தது.

மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. அவர் கையெழுத்திட வசதியாக, அவள் இரண்டு விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.