மூன்று நாள் பிந்தி வந்த குரல்

1976ஆம் வருஷம் வைகாசி மாதம் மலையடிவாரத்துச் சிலமலைக்கு வாழ வந்த மறியக்குட்டியின் குரல், அவள் வந்து மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி வாசலில் நின்று அவள் வாய் அசைத்ததை மாமியார் குருவம்மாள் பார்த்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. மகன் ஊமையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நாலாம் நாள் காலை அதே வாசலை அவள் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஆளே இல்லாத இடத்திலிருந்து, "அம்மே, ஞான் வந்நு" என்று இளங்குரல் ஒன்று கூச்சத்தோடு சொன்னது. குருவம்மாள் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. கூட்டி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். ஆனால் அன்று கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனது.

மறியக்குட்டி, மலைமேல் ராஜகுமாரி என்ற ஊரில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஔசேப்பின் ஒரே மகள். கேரளத்துப் பாலா ஊரிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம். குருவம்மாளின் மகன் சோலைமலை அந்தத் தோட்டத்துக்குக் காய் எடுக்கும் ஆட்களை ஜீப்பில் ஏற்றிப்போய் வந்தவன். மூன்று பருவம் அவள் கையால் கட்டன் காப்பி குடித்தான். நாலாவது பருவத்தில் இரண்டு டிரைவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, போடியில் பதிவுத் திருமணம் நடந்தது. ஔசேப்பு கதவை அடைத்துக்கொண்டார். குருவம்மாள் கதவை அடைக்கவில்லை. ஆனால் தன் அண்ணன் மகள் பொன்னுமணிக்கென்று மனசில் போட்டு வைத்திருந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவுமில்லை.

குரல் விஷயத்தில் ஊர் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மலைக்குச் சோலி பார்க்கப் போகிறவர்களுக்கும், அங்கிருந்து சோலியாக இறங்கி வருகிறவர்களுக்கும் எதுவும் ஆவதில்லை. உறவென்று போனால்தான் குரல் பின்தங்குகிறது. மறியக்குட்டி பேசுகிற ஒவ்வொரு சொல்லும், மூன்று நாள் கழித்து, அவள் பேசிய அதே வேளையில், பேசிய அதே இடத்தில் கேட்டது. திங்கட்கிழமை தேங்காய் எண்ணெயில் தாளித்ததற்காகக் குருவம்மாள் ஏசுவாள். வியாழக்கிழமை அடுப்படியில், "கடலெண்ண தீந்துபோச்சு அத்தெ" என்று பதில் வரும். அதற்குள் குருவம்மாளுக்குக் கோபம் ஆறியிருக்கும். ஆறிய கோபத்துக்கு வருகிற பதில் அவளை இன்னும் எரிச்சலாக்கும். சண்டை போட்டால் கூடவே எதிர்த்துச் சண்டை போட ஆள் வேண்டும். அது இல்லாத வீட்டில் அவள் தன் பேச்சைத் தானே கேட்டாள். அது அவளுக்கு நன்றாக இல்லை.

"ஏன் மதினி, ஒங்க மருமக வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாளாமே?" என்றாள் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள்.

"பேசுவா. வியாழக்கெழம வந்து கேளு."

சாயங்காலம் மறியக்குட்டி கருப்பசாமி படத்துக்குப் பக்கத்து ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முட்டிபோடுவாள். தினமும் ஒரே ஜெபம் என்பதால் அது மட்டும் பிந்தி வருவதாகத் தெரியவில்லை. அவள் உதடும் சத்தமும் பொருந்தி நின்றது அந்தக் கால் மணி நேரந்தான். சோலைமலை வேலையிலிருந்து எப்படியாவது அதற்குள் வந்துவிடுவான். புரியாத ஜெபத்தை, நடைக்கதவில் சாய்ந்து நின்று கேட்பான். மலையில் அவன் மனசைக் கொடுத்தது அந்தக் குரலுக்குத்தான் என்பது குருவம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவள் மாட்டைக் கவனிக்கப் போய்விடுவாள்.

1979 ஐப்பசியில் தோட்டத்து ஆள் ஒருவன் சேதி கொண்டுவந்தான். ஔசேப்பு சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடக்கிறார். மகள் தனியாக வந்தால் கதவு திறந்திருக்கும். வந்தவள் திரும்பிப் போகாமலிருந்தால் நல்லது. அங்கே போனால் அவளுக்கு அப்பனும் உண்டு, நினைத்த மாத்திரத்தில் கேட்கிற குரலும் உண்டு. சோலைமலைக்கு இரண்டும் தெரியும். மறுநாள் காலை அடுப்படியில் வைத்து, "போனா வந்துருவியாடி?" என்று கேட்டான். அவள் வாய் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போனாள். அங்கே கோழிக்கூடைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பஸ் ஏறினாள்.

அவள் ஏதாவது முணுமுணுத்திருப்பாள் என்று நம்பி மூன்று நாளும் சோலைமலை ஜீப்பை எடுக்காமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் அந்த வேளை வந்தது, போனது. அடுப்பில் பால் பொங்கிய சத்தந்தான் கேட்டது. அதே நேரத்தில் குருவம்மாள் மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். தினமும் அந்நேரம் அவள் அங்கேதான் இருப்பாள். மருமகளுக்கும் அது தெரியும்.

"அத்தெ," என்றது கோழிக்கூடைக்கு மேலிருந்து குரல். "நேத்துத்தான் வெள்ளக் கோழிய அடை வச்சேன். பதிமூணு முட்டை. கலைச்சிறாதீங்க, பொரிக்கிறதுக்குள்ள வந்துருவேன். கூப்பிட ஆள் வராம மருமக திரும்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஆள் அனுப்புங்க. அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அழுதுருவேன்."

குருவம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். மகன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பு" என்றாள். அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கெட்டவளாக இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். நாளைக்கு என்பது நாளைக்கும் இருந்தது. அண்ணன் வந்து, பொன்னுமணிக்கு இன்னும் எங்கேயும் பேசவில்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். ஜெபமும் அவள் போன மூன்றாம் நாளோடு நின்றுபோயிருந்தது. சாயங்காலங்களில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, எதைக் கேட்காமலிருக்க இங்கே வந்து நிற்கிறோம் என்று குருவம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. மகன் சாப்பிட்ட தட்டில் சோறு மிஞ்சியது. வெள்ளைக் கோழி மட்டும் எழுந்திருக்கவில்லை. குருவம்மாள் அதற்குக் கம்பும் தண்ணீரும் வைத்தாள். ஒருநாள் மழைச்சாரல் அடித்தபோது கூடையை உள்ளே தள்ளி வைத்தாள். தன் பெயருக்குச் சொல்லிவைத்த சொல்லின்மேல் கோழி உட்கார்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. இருபத்தோராம் நாள் பதினோரு குஞ்சு பொரிந்தது. மருமகள் வரவில்லை. வரமாட்டாள், கூப்பிட ஆள் போகவில்லை.

"ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வாறேன், பஸ்சுக்கு நேரமாச்சு, வழிவிடு" என்று வாசலில் நின்ற மகனிடம் சொல்லிவிட்டு, ஓலைப்பெட்டியில் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் மலையேறியது அதுதான் முதல்முறை. போடிமெட்டில் காது அடைத்தது. ராஜகுமாரியில் ஔசேப்பின் முற்றத்தில் போய் நின்று, வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்ததைப் பேசினாள். சத்தம் வரவில்லை. அவள் கையை ஆட்டினாள், நெஞ்சைத் தொட்டாள், குஞ்சுகளைத் தூக்கிக் காட்டினாள். சத்தம் வரவில்லை. மூன்று வருஷம் ஒருத்தி தன் வீட்டில் எப்படி நின்றாள் என்பது அவளுக்கு அந்த முற்றத்தில்தான் விளங்கியது. காலில் கட்டோடு நாற்காலியில் இருந்த ஔசேப்பு, இவர் ஏன் பேசவில்லை என்று மகளைப் பார்த்தார்.

"எந்தா இவர் மிண்டாத்தே?"

"மூணு திவசம் கழிஞ்ஞு கேள்க்காம், அப்பச்சா" என்றாள் மறியக்குட்டி, கணீரென்று, அந்த நிமிஷமே. மருமகளின் சத்தமும் உதடும் சேர்ந்து வந்ததை, ஜெபத்தைத் தவிர வேறொன்றில், குருவம்மாள் அன்றுதான் கண்டாள். இந்தக் குரலை விட்டுவிட்டா வருகிறாள் என்று ஒரு கணம் தயங்கினாள். மறியக்குட்டி அதற்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, மாமியாரின் கையிலிருந்து பெட்டியை வாங்கியிருந்தாள். ஔசேப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாம் நாள் அவர் முற்றத்தில் சிலமலைக்காரியின் குரல் வந்தது. இருபது வருஷம் தமிழ் ஆட்களை வேலை வாங்கியவருக்கு ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. "அய்யா, ஆளனுப்பச் சொல்லிட்டுத்தான் ஒங்க மக வந்தா. எங்காதுல சொன்னா. நாந்தான் பதினெட்டு நாளா மறைச்சுட்டேன். எம் மகனுக்கும் தெரியாது. அவ மேல குத்தமில்ல. பிள்ளைய வெறுத்துராதீக. காலு சரியானதும் வாங்க. எங்க வீட்டுல நாக்காலி இல்ல, வாங்கிப் போடச் சொல்றேன்." ஔசேப்பு அன்று காப்பி குடிக்கவில்லை. கேட்டதை யாரிடமும் சொல்லவுமில்லை.

மறு வருஷம் தை மாதம் அவர் கம்பு ஊன்றி இறங்கி வந்தார். நாற்காலி வாங்கிப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து குருவம்மாளைப் பார்த்து ஏதோ வாயசைத்துவிட்டு, சாப்பிட்டு, மறுநாள் மலையேறினார். அவர் பேசி நாலாம் நாள், குருவம்மாள் வீட்டில் வேறு யாரும் இல்லாதபடி எல்லாரையும் வயலுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். "சாரமில்ல" என்றது குரல், பரவாயில்லை என்கிற மாதிரி. "நிங்ஙள் பதினெட்டு திவசமல்லே. ஞான் மூணு வர்ஷம் கதகு அடச்சிட்டு இருந்நு."

1981இல் பெண் குழந்தை பிறந்தது. 1983 மாசியில் அதற்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் இல்லாததால் ஔசேப்பின் மடியில், அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். மலையிலிருந்து இருபது பேர் மூன்று நாள் முன்னதாகவே வந்து, முற்றத்தில் அவரவர் இடத்தில் நின்று வாழ்த்தைச் சொல்லி முடித்திருந்தார்கள். குழந்தை வீரிட்டு அழுத வேளைக்கு, பந்தல் முழுக்க அவர்களின் குரல் சரியாக வந்து சேர்ந்தது. அவர்கள் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறியக்குட்டியும் மூன்று நாள் முன்பே முற்றத்தில் நின்று மாமியாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால், குருவம்மாள் அந்தக் குரலுக்கு எழுந்து பந்திக்குப் போனாள். சமையல்காரர் மட்டும், இப்படிப்பட்ட சம்பந்தத்துக்கு மூன்று நாள் அரிசி கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கலாம் என்றார்.