கடைசி அறையில் ஒரு குடும்பம்

சரணாலயத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் விடுதிக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டுமானால், காட்டுக்குத் தொந்தரவில்லாமல் நடத்திக் காட்ட வேண்டும் என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்கள். நானும் விழுந்து விழுந்து செய்தேன். ஜெனரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு கூரைமேல் சோலார் வைத்தேன். விளக்குகளுக்கெல்லாம் முக்காடு போட்டேன். கம்பிவேலியைப் பிடுங்கினேன். சிமெண்டுத் தரையை உடைத்து, அறைகளை மரத்தூண்கள்மேல் தூக்கிக் கட்டினோம். மழைத்தண்ணீர் அடியில் ஓடும், சின்ன உயிர்கள் குறுக்கே போய்வரும் என்று ஆய்வு அதிகாரிதான் படம் போட்டுக் காட்டினார். சின்ன உயிர் என்றால் முயல், கீரி என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனையும் காட்டுக்காக என்று சொன்னால் என் வாய் கூசும். எல்லாம் என் வீட்டுக்காரருக்காக. கல்யாணமான நாளிலிருந்து தூரதேசத்துக்கு லாரி ஓட்டியவர். விடுதி தொடங்கிய பிறகுதான் அவர் தூக்கத்தில் பேசுவார் என்பதே எனக்குத் தெரிந்தது. விருந்தினர்களை ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போவது அவர் பாடு. ஜீப் சாலை முனை தாண்டியதும் குரலை மாற்றிக்கொண்டு எனக்கே போன் போடுவார்.

"மேடம், ரூம் காலியா இருக்கா?"

"உங்க மூஞ்சிக்கு இல்லை" என்று வைத்துவிடுவேன். பிறகு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிவேன்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்த அன்று காலை, சமையலைப் பார்த்துக்கொள்ளும் என் நாத்தனார் ஈரக் கையோடு ஓடிவந்தாள். "அண்ணி, கடைசி ரூம் அடியில பூனைக்குட்டி கிடக்கு!"

குனிந்து பார்த்தேன். சருகுக்குள் இரண்டு குட்டிகள், உடம்பெல்லாம் புள்ளி. தாயைக் காணவில்லை. மேலே அறையில் ஒரு சின்னப்பெண் தொம் தொம் என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

"இது பூனை இல்லடி" என்றேன்.

குழாய் உடைந்துவிட்டதாகப் புளுகி, அந்தக் குடும்பத்தை முதலில் முன்னறைக்கு மாற்றினேன். அப்புறம் சமையலறையில் மூன்று பேரும் மாநாடு போட்டோம்.

"சிறுத்தை குட்டி போட்டிருக்கு! இது யாருக்குக் கிடைக்கும்? வெளிய சொன்னா ஜனம் வரிசையில நிக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"முதல்ல உங்களைத்தான் அது கவ்விட்டுப் போகும்" என்றாள் நாத்தனார். "அண்ணி, அதிகாரி கிளம்பட்டும். நான் தட்டைத் தட்டுறேன். அதுவே குட்டிங்களைத் தூக்கிட்டு ஓடிடும்."

"ஒண்ணைத் தூக்கிட்டு இன்னொண்ணை விட்டுட்டுப் போயிட்டா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன தெரியும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அதிகாரி வந்தார். விளக்குகளை அண்ணாந்து பார்த்தார், புல்லைத் தடவினார், வேலி இருந்த இடத்தில் நின்று பெருமூச்சு விட்டார். கடைசி அறைப்பக்கம் போகவே இல்லை. "பிரமாதம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் நாத்தனார் தட்டும் கரண்டியுமாகத் தயாராக நின்றாள். கையெழுத்து விழுந்தால் போதும். சீசன் என் கையில், வீட்டுக்காரர் என் வீட்டில்.

"சார், கடைசி ரூமை நீங்க பாக்கலையே" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று பார்த்தால், நான்தான்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நல்ல மனசு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

குனிந்து பார்த்துவிட்டு எழுந்த அதிகாரியின் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் மாறி மாறி வந்தன. "உரிமம் நிச்சயம் உண்டும்மா. உங்களை நம்பி அது குடி வந்திருக்கே, இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? ஆனா குட்டிங்க வளர்ந்து கிளம்புற வரைக்கும் இங்க ஒரு ஆள்கூடத் தங்கக்கூடாது."

"சீசன் முடிஞ்சிடுமே சார்!"

"முடிஞ்சிடும்."

"அப்போ நான் பாஸா, பெயிலா?"

"பாஸ்தான்..." என்று இழுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "எனக்கும் குழப்பமாத்தான் இருக்கும்மா."

சாயங்காலம் ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அந்தத் தாய்ச் சிறுத்தையைப் பார்த்தேன். வேலி இருந்த இடத்தைத் தாண்டி, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், வாடகை கொடுத்தவள் மாதிரி நடந்து போனாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பெருமையும் வந்தது. பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பழைய முதலாளியிடம் போய் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். நானும் நாத்தனாரும் சாலை முனையில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். அவள் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. விடுதிக்கு வரும் போன்களை நான் இங்கிருந்தே எடுக்கிறேன்.

நேற்று ஒரு போன் வந்தது. பின்னால் லாரி இரைச்சல்.

"மேடம், ரூம் காலியா இருக்கா?"

"இல்லை சார். நிரம்பிடுச்சு."

"அப்படியா? யார் தங்கியிருக்காங்க?"

"ஒரு அம்மா. ரெண்டு பிள்ளைங்க."

"அவங்க வீட்டுக்காரர் கூட இல்லையா?"

"இல்லை" என்றேன். "அவர் வெளியூர் போயிருக்கார்."