நைனா வைத்த சொற்கள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் துரைக்கண்ணு. அமாவாசையன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களை அவர் மைக்கில் அறிவித்தால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அவருடைய ஒரே மகள் கலைவாணி சிங்கப்பூரில் வேலை பார்த்தாள்.

இரண்டு பேரும் தினமும் செல்போனில் சொல் விளையாட்டு ஆடினார்கள். கலைந்து கிடக்கும் எழுத்துகளைக் கோத்து நீளமான சொல் வைப்பவருக்குப் புள்ளி அதிகம். வேலைக்குப் போகும் ரயிலில் அவள் ஒரு சொல் வைப்பாள். அவர் டீ குடித்துக்கொண்டே பதில் சொல் வைத்துவிட்டு, 'தூங்கிட்டியா?' என்று வம்புக்கு ஒரு வரி எழுதுவார்.

இரண்டு மாதத்துக்கு மேலாக அவள் போன் செய்தால் அம்மா ராஜம்மாள்தான் எடுத்தாள். நைனா கழனிக்குப் போயிருக்கிறார், குளிக்கிறார் என்று ஏதாவது சொன்னாள். கலைவாணிக்குச் சந்தேகமே வரவில்லை. காலையில்கூட அவரோடு ஆடியிருந்தாளே.

பொங்கலுக்குச் சொல்லாமல் வந்து இறங்கினாள். கதவு திறந்திருந்தது. துரைக்கண்ணு பாதியாக இளைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா" என்றாள்.

அவர் பதறி எழுந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துண்டு நழுவியது. தொண்டைக்குழியில் ஓர் ஓட்டை. அதன் வழியாகக் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது.

கலைவாணி நிலைக்கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சமையற்கட்டிலிருந்து வந்த ராஜம்மாள் அவளைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். தொண்டையில் கட்டி. ஐப்பசியில் புதுச்சேரியில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லையாம்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா?"

"நீ வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவேன்னு உங்க நைனாதான் சொல்ல வேணாம்னுட்டாரு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அவர் சொல் வைத்திருக்கிறார். 'இன்னா நைனா, இன்னைக்கு இவ்ளோ ஸ்லோ?' என்று அவள் கேலி செய்திருக்கிறாள். கலைவாணி போனை எடுத்துத் தேடினாள். படங்கள் இருந்தன. அவர் குரல் ஒன்றில்கூட இல்லை. தன்னிடம் கடைசியாக வாய்விட்டு என்ன பேசினார் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

"கடைசியா இன்னாம்மா பேசினாரு?"

ராஜம்மாள் யோசித்தாள். "பெருசா ஒண்ணுமில்ல. உள்ள கூட்டினு போறதுக்கு முன்ன, குளுருது, ஃபேன கொறைன்னாரு."

துரைக்கண்ணு ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் போகும் டிக்கெட்டை மறுநாளே தள்ளிப்போட்டாள்.