பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பெயர்

ஒஹையோவில் அன்று கொட்டிய பனிக்குப் பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை. கொரின் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் வீட்டிலேயே படிப்பவர்கள், டீச்சரும் அம்மாதான்.

"இது அநியாயம்மா!" என்றான் ஏழு வயது வெண்டல்.

"வாயை மூடிட்டுக் கவிதையைப் படி."

கவிதை கொரினே எழுதியது. 'உன் வீட்டில் என் பொருள், என் வீட்டில் உன் பொருள். பிறகு நாம் எப்படி அந்நியர்?' என்று முடியும். வீட்டிலுள்ள இரவல் பொருள்களைத் தேடி, ஒவ்வொன்றையும் சிவப்புக் கம்பளி நூலால் உடையவரோடு இணைக்க வேண்டும் என்பது பயிற்சி. ஒரு மணி நேரம் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம் என்பது அவள் கணக்கு.

பத்து நிமிடத்தில் மூத்தவள் டேபித்தா அலமாரியின் அடித்தட்டிலிருந்து பீங்கான் பாத்திரம் ஒன்றை இழுத்து வந்தாள். அடியில் ஒட்டிய காகிதத்தில் 'லோர்னா' என்றிருந்தது.

கொரின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அடுத்த வீட்டு லோர்னா ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், ஒரு காலத்தில் உயிர்த்தோழி. மூன்று வருடத்துக்கு முன் டேபித்தாவை அவள் வகுப்பிலிருந்தே கொரின் நிறுத்தினாள். "புள்ள வாழ்க்கையக் கெடுக்காதடி" என்றாள் லோர்னா. "உன் வகுப்புல கெட்டது போதும்" என்றாள் கொரின். சொல்லியிருக்கவே கூடாது. அந்த ஊரில் இரவல் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். நிரப்பிக் கொடுக்கவோ வீம்பு விடவில்லை. பாத்திரம் இருட்டிலேயே கிடந்தது.

"அதை வச்சிடு. பனியில வெளியே போகக் கூடாது."

"கவிதை நீங்கதானே எழுதுனீங்க?" என்றாள் டேபித்தா. வழக்கறிஞராகப் போகிற பெண்.

அதற்குள் வெண்டல் நூலுருண்டையோடு ஓடிவிட்டான். லோர்னா வீட்டுக் கதவுப்பிடியில் முனையைக் கட்டி, மணியையும் அடித்துவிட்டு, மூச்சிரைக்க வந்து மறுமுனையைப் பாத்திரத்தின் காதில் முடிந்தான்.

"அடப்பாவி!"

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. நூல் ஆடியது, அப்புறம் தளர்ந்து பனியில் விழுந்தது. அறுத்துவிட்டாள் என்று நினைத்ததும் கொரினுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடமாக அழாத அழுகை.

திடீரென்று நூல் விறைத்தது. பாத்திரம் மேசையில் இரண்டு அங்குலம் நகர்ந்தது. கொரின் பாய்ந்து பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முழங்கால் பனியில், இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாக, நூலைச் சுருட்டிக்கொண்டே லோர்னா வந்தாள். கக்கத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதன் அடியில் 'கொரின்' என்று ஒட்டியிருந்தது.

"காலியாத்தான் இருக்கு," என்றாள் லோர்னா, மூக்கை உறிஞ்சியபடி. "உன்னுது?"

"இதுவும்தான்டி."

"அப்ப ரெண்டுலயும் எதையாவது சமைச்சுத் தொலைப்போம். தள்ளு, குளுருது."