ஊசி போடாத தட்டு

பண்டாரவளைக்குக் கீழே இருந்த குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் முட்டைக்கு ஊசி போடப்போகிறார்கள் என்று கேட்டதும், அங்கே முட்டைத் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் றோசாலிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறக்காத பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவார்களா? மிருக வைத்தியர் லதுஷா செய்து காட்டியபோது அந்தச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. பொரிப்பதற்குச் சில நாட்கள் இருக்கையில், முட்டையின் அகன்ற முனையில் மயிரிழைத் துளை. அதன் வழியே ஒரு சொட்டுச் சத்துமருந்து. மேலே மெழுகுப் பூச்சு. இறைச்சிக்கோழிக் குஞ்சு வெளியே வரும்போதே நோயைத் தாங்கும் தெம்போடு வரும் என்பது லதுஷாவின் நம்பிக்கை.

"முதல் தட்டுக்கு மட்டும்தான் அக்கா. ரெண்டாந் தட்டைத் தொடக்கூடாது. அப்பதான் மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும். வேற ஏதும் மாறினா ரெண்டையும் கொட்டத்தான் வேணும்."

றோசாலி தலையாட்டினாள். மனசு ஆடவில்லை.

அன்று பின்னேரம் மலைக்கு மேலே இடி உருட்டத் தொடங்கியது. இடி இடித்தால் அடையிலிருக்கும் முட்டை கூழாகிவிடும் என்பது மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் அவள் கேட்டு வளர்ந்தது. அதற்குக் காவல், முட்டையோடு ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரியும். மருந்து வாங்கிய தட்டுக்கு மருந்து துணை. வாங்காததற்கு யார் துணை? தேத்தண்ணி அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து, ஆணியோடு சீலைத்துண்டில் முடிந்து, இரண்டாம் தட்டின் ஓரத்தில் செருகிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் அந்த முடிச்சு லதுஷாவின் கையில் இருந்தது.

"இதை ஆர் வைச்சது?"

ஜெனரேட்டர் பார்க்கும் மாரிசாமி சிரித்தான். "வேற யாரு மிஸ்? நம்ம றோசாலி அக்காதான். சட்டிக்குப் போற கோழிக்குக் காவல் கட்டுது!"

"சட்டிக்குப் போறவரைக்கும் நல்லா இருக்கட்டுமேடா," என்றாள் றோசாலி. சொல்லும்போதே, ஏதும் மாறினால் இரண்டையும் கொட்ட வேண்டும் என்றது நினைவுக்கு வந்தது. உள்ளே உயிர் அசைகிற முட்டைகள். தன் கையாலேயே குழிக்கு அனுப்பிவிட்டோமே!

"ஏன் அக்கா? நான் சொன்னனான்தானே."

"சொன்னீங்க மிஸ். நான் சின்னப்புள்ளையா இருக்கிறப்ப எங்க தோட்டத்துக்குச் சத்துமா கொண்டாந்தாங்க. மேல் லயத்துப் புள்ளைகளுக்குக் குடுத்தாங்க. எங்க லயத்துல நிறுத்துப் பாத்தாங்க, அவ்வளவுதான். மாசாமாசம் வரிசையா நின்னு தராசுல ஏறி இறங்குவோம். அந்த மாவு நல்லதா கெட்டதான்னுகூட யாரும் திரும்பி வந்து சொல்லல."

லதுஷா முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாரிசாமி தன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"அக்கா, இன்னொரு ஆணி இருக்குதோ?"

"இருக்குங்க மிஸ்."

"கரியும் எடுங்கோ. இதே மாதிரி ஒண்டு கட்டி முதல் தட்டிலயும் வையுங்கோ. ரெண்டுக்கும் ஒரே காவலெண்டா, வித்தியாசம் மருந்து மட்டும்தான். ஒரு ராத்திரிப் பிசகை நான் அறிக்கையில எழுதுறன்."

கொட்ட வேண்டாம். றோசாலிக்கு மூச்சு திரும்பிற்று. ஆனால் சீலையைக் கிழிக்கும்போதுதான் உறைத்தது. காவல் இப்போது அந்தப் பக்கத்துக்கும் போகிறது. தன் தட்டு மறுபடியும் ஒரு படி கீழேதான். தெரிந்தேதான் முடிச்சுப் போட்டாள்.

இரண்டு தட்டிலும் குஞ்சுகள் பொரித்தன. கூண்டு வேறு, தீனி ஒன்று, சூடு ஒன்று. தன் தட்டுக் குஞ்சுகளுக்கு ஒரு பிடி கூடப் போட அவள் கை எத்தனையோ தரம் நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டாள்.

விற்கும் பருவம் வந்த காலையில் லதுஷா அலுவலக அறைக்குப் போகாமல் நேரே கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுறன் அக்கா. மருந்து எடுத்ததுகளுக்குக் கழிச்சல் நோய் குறைவு, நல்லாவும் வளர்ந்திருக்கு. ஆனா இன்னொருக்காச் செய்து பாக்கவேணும். அதுக்கும் தொடாத தட்டு ஒண்டு வேணும்."

"அதையும் நானே பாத்துக்கிறேன் மிஸ். இப்படி வந்து சொல்லிருங்க, போதும்."

பிறகு றோசாலி இரண்டாம் கூண்டுக்குள் போய்க் குந்தினாள். கோழிகள் தீனி என்று நினைத்து அவளைச் சூழ்ந்தன.

"மருந்து நல்லதாம்டி. உங்களை வச்சித்தான் தெரிஞ்சிருக்கு."

வெளியே கூடை அடுக்கிக்கொண்டிருந்த மாரிசாமி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, கோழிக்கிட்டயா அறிக்கை வாசிக்கிற?"

"ஆமாடா. லொறி வர்றதுக்கு முன்ன சொல்லிறணும்ல."