ஏகாம்பரத்துக்குப் போட்ட மாலை

என் புருஷன் உயிரோடு இருந்தவரை அவருக்குக் குப்பைக் கிராணி என்று பட்டப்பெயர். செத்ததும் தியாகி ஆக்கிவிட்டார்கள்.

ரப்பர் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவர் அவர். ஞாயிறு காலையானால் காஜா பேராங்கிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போய்விடுவார். உடைந்த போத்தல், தகர டின், கிழிந்த வலை, கப்பலிலிருந்து ஒதுங்கும் தார் எல்லாவற்றையும் வாரி, மேட்டில் குழி வெட்டிப் புதைப்பார். கூட வாருங்கள் என்று எங்கள் தமிழர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கேட்டார். சிரித்தார்கள்.

"அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க ஏகாம்பரம். நம்ம மானத்த வாங்காத லா" என்றார் சங்கத் தலைவர் ராஜரத்தினம். பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பெரிய மனிதர்.

என் புருஷன் வாரியதில் நம்மவர்கள் போட்டதும் நிறைய இருந்தது. அஸ்திக் கலயம், மாலை, செத்தவர் துணி. எல்லாம் அடுத்த கடல் ஏற்றத்தில் கரைக்குத் திரும்பிவிடும். ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னார்:

"நான் போனா சாம்பல மட்டும் தண்ணியில கரைச்சிடு ருக்மணி. கலயம், துணி, மாலை எதையும் கடல்ல போட வுடாத. நான் கூட்டுன கரையில நானே குப்பையா கெடக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். இவ்வளவு சீக்கிரம் தேவைப்படும் என்று யார் கண்டது? துருப்பிடித்த தகரம் காலைக் கிழித்தது. ரணஜன்னி கண்டு ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார்.

அஸ்தி கரைக்கிற அன்று அவர் ஆசையைச் சொன்னேன். ராஜரத்தினம் கையை உயர்த்தினார்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு தங்கச்சி. பொம்பள பேசற எடமா இது?"

கொடியில் கிடந்த என் புருஷனின் நீலக்கட்டம் போட்ட கைலியைக் கிழித்துக் கலயத்தின் வாயைக் கட்டினார்கள். சம்பான் படகில் கடலுக்குள் போய் அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்கள். நான் வீட்டில் கிடந்து கத்தினேன். புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராஜரத்தினம் வீடு தேடி வந்தார். மற்ற சங்கங்கள் எல்லாம் கோத்தோங் ரோயோங் என்று கூட்டுத் துப்புரவு நடத்திப் பத்திரிகையில் படம் வந்துவிட்டதாம். நம்முடையதும் ஒன்று நடக்க வேண்டுமாம், ஏகாம்பரத்தின் பெயரில், கிளேபாங்கில். நான் மேடையில் உட்கார வேண்டும். அன்றைக்கு முறை பேசிய வாய்க்கு, முப்பதாம் நாள் துக்கம்கூடக் கழியாதவளை ஊர் நடுவில் உட்கார வைப்பதில் முறைகேடு எதுவும் தெரியவில்லை.

ஆனாலும் போனேன். என் புருஷன் கேட்டுக் கேட்டு வராத கூட்டம் இப்போதாவது வருகிறதே என்ற நப்பாசைதான்.

வெள்ளைச் சட்டையும் புதுக் குப்பைவாரியுமாக வந்திருந்தார்கள். படம் பிடிப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாரோ அந்தப் பக்கம் மட்டும் சுத்தமானது. எனக்கு மேடையில் உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, என் புருஷன் குப்பை வாரும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சேற்றில் எதையோ குச்சியால் குத்திக்கொண்டிருந்த ராஜரத்தினம் முகத்தைச் சுளித்தார்.

"சீ! எந்தப் பீடையோ அஸ்திக் கலயத்த இங்க போட்டிருக்கு. அறிவு வேணாம்? யாராச்சும் வந்து அள்ளுங்கய்யா!"

கலயத்தின் கழுத்தில் நீலக்கட்டத் துணி. அதில் ஓர் ஓரம் சிவப்பு நூலால் தைத்திருந்தது. நீல நூல் அகப்படாமல் நான் போட்ட தையல். "என்னடி இது, கைலிக்குப் பொட்டு வச்சிருக்க" என்று அவர் கேலி செய்த தையல்.

இரண்டு கையாலும் எடுத்தேன். உள்ளே சேறுதான் இருந்தது.

"தொடாத தங்கச்சி! யார் வூட்டுத் தீட்டோ."

"நீங்க போட்டதுதாண்ணே. உங்க தியாகியோடது" என்றேன்.

அவர் துணியைப் பார்த்தார். முகம் ஒருகணம் செத்தது. பிறகு மேடைப்பக்கம் திரும்பி, "படம் புடிக்கிறவரு கெளம்பறாரு, சீக்கிரம் ஆவட்டும்" என்று குரல் கொடுத்தார்.

ஏகாம்பரத்தின் படத்துக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டார். கடலைக் காத்தவர் என்று நெஞ்சைத் தொட்டுப் பேசினார். கடைசியில் மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, கடலில் வீசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பாவிகள், ஒருவருக்குக்கூடக் கூசவில்லை.

லாரியும் கார்களும் போன பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஏற்றம் தொடங்கியிருந்தது. மாலை தானாகவே வந்து என் முழங்காலில் முட்டியது. அதை வாரிக் கூடையில் இருந்த கலயத்தின் மேல் போட்டேன்.

அன்று அந்தக் கரையில் நான் பொறுக்கிய குப்பை முழுவதும் என் புருஷன்தான்.